மாற்றிக் கொடுத்த ரத்தம்

காலை ஏழே முக்காலுக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து சிதம்பரம் கிளம்பும் தனியார் பஸ்ஸைக் கண்ணாயிரம் பதினாறு வருடமாக ஓட்டுகிறார். வண்டி கிளம்புவதற்குள் அவருக்கு மூன்று டீ உள்ளே போயாக வேண்டும். மூன்றிலும் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும். டீக்கடைக்காரர் இப்போதெல்லாம் கேட்பதுகூட இல்லை. கண்ணாயிரத்தின் தலை தெரிந்ததும் அவர் கை தானாகவே இன்னொரு கரண்டி சர்க்கரையை அள்ளிவிடும். டீயோடு இரண்டு மெதுவடை. சிதம்பரம் போய்ச் சேர்ந்ததும் நாலு பரோட்டாவும் குருமாவும். திரும்பும் நடைக்கு வண்டியை எடுக்கும் முன் மறுபடி டீ.

வயது நாற்பத்தாறு. எடை நூற்று நான்கு கிலோ. ஸ்டியரிங்கின் கீழ்வளைவு வயிற்றில் உரசி உரசிக் காக்கிச் சட்டையில் அந்த இடம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது. "அண்ணனப் பாத்தா டிரைவர் மாரியா இருக்கு? பஸ் மொதலாளி மாரி இருக்கு" என்று கண்டக்டர் அன்பரசு அடிக்கடி சொல்வான். கண்ணாயிரத்துக்கு அதில் பெருமைதான். சின்ன வயதில் கூழுக்கு வரிசையில் நின்ற குடும்பம் அவருடையது. உடம்பில் சதை போட்டிருக்கிறது என்றால் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை என்றுதான் அவர் வளர்ந்த தெருவில் அர்த்தம்.

அன்றைக்கு டீயைக் குடித்துவிட்டு வண்டிப் பக்கம் நடந்தவரை அன்பரசு பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"அண்ணே, செருப்பு!"

திரும்பிப் பார்த்தார். வலது கால் செருப்பு டீக்கடை வாசலிலேயே கிடந்தது. வெறும் ஜல்லித் தரையில் இருபதடி நடந்து வந்திருக்கிறார். காலுக்கு அது தெரியவே இல்லை.

"கவனிக்கலடா" என்று சிரித்துக்கொண்டே போய் மாட்டிக்கொண்டார். சிரித்தது முகம்தான். ஆறு மாதமாகவே உள்ளங்காலில் பஞ்சை வைத்துக் கட்டியது போல ஒரு மதமதப்பு. தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறார், தாகம் அடங்கவில்லை. இது என்னவென்று அவருக்குத் தெரியாமல் இல்லை. பேரைச் சொன்னால் எழுந்து வந்துவிடும் என்று பாம்பை 'நல்லது' என்பார்களே, அப்படித்தான் அவரும் அந்த நோயின் பேரைச் சொல்லாமல் இருந்தார்.

அந்த வாரம் பஸ் முதலாளி சபாநாயகம் டிரைவர்களையெல்லாம் ஷெட்டில் கூட்டி வைத்துப் பேசினார்.

"நாப்பது வயசு தாண்டுன டிரைவருங்க எல்லாரும் சக்கர, பிரஷர், கண்ணு மூணுக்கும் டெஸ்ட் எடுக்கணும். வர்ற திங்கக்கெழம ரிப்போர்ட்டு என் டேபிளுக்கு வந்துடணும். வண்டியில ஏறி உக்கார்ற அம்பது உசுருக்கு நாந்தான பதில் சொல்லணும்?"

போன வருடம் சத்யநாராயணன் என்ற டிரைவருக்குச் சர்க்கரை முற்றிப் போய் ஒரு கண்ணில் பார்வை மங்கியது. அவரை ஸ்டியரிங்கை விட்டு இறக்கி, ஷெட்டில் டயருக்குக் காற்றுப் பிடிக்க வைத்திருந்தார்கள். அவர் பக்கத்தில் வந்தால் மற்ற டிரைவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கவே கண்ணாயிரத்துக்கு முடியவில்லை.

கண்ணையும் பிரஷரையும் எப்படியாவது தாண்டிவிடலாம். ரத்தம் பொய் சொல்லாதே! இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டினார். மூன்றாம் நாள் வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருக்கும்போது அவருக்கு யோசனை வந்தது. ரத்தம்தானே பொய் சொல்லாது, ரத்தம் கொடுக்கிற ஆள் சொல்லலாம் அல்லவா?

எழிலன், அவர் மனைவி வெண்மதியின் தம்பி. முப்பத்திரண்டு வயது. சிதம்பரத்தில் இ-சேவை மையம் வைத்திருந்தான். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் கடையைச் சாத்தும்போதுதான் எழுந்திருப்பான். கை கால் எல்லாம் ஒல்லி. வயிறு மட்டும் சட்டைக்குள் சின்னத் தலையணையைச் செருகி வைத்தது போல முன்னால் வந்திருக்கும். ஒல்லியான ஆளின் வயிற்றை யார் கவனிக்கிறார்கள்? இன்னும் மூன்று வாரத்தில் அவனுக்குக் கல்யாணம். பெண் அமராவதி, பரங்கிப்பேட்டையில் பள்ளிக்கூட டீச்சர்.

"மச்சான், எனக்கு ஒரு ஒத்தாச பண்ணணும். உங்கக்காவுக்குக்கூடத் தெரியக் கூடாது" என்று கண்ணாயிரம் ஆரம்பித்தார்.

"சொல்லுங்க மாமா."

"எம்பேர்ல நீ ரத்தம் குடுக்கணும்."

எழிலன் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தான். "இவ்ளோதானா? எங்க வம்சத்துலயே சக்கர கெடையாது மாமா. அதுவும் எம்மாரி ஒல்லிக்கெல்லாம் எங்க வரப்போவுது? வாங்க போலாம்."

வியாழக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு தெரியாத ஒரு லேபுக்குப் போய்க் கண்ணாயிரம் என்ற பேரில் ரத்தம் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை கொடுத்தான். லேபில் இருந்த பெண் சீட்டைப் பார்த்து, "வயசு நாப்பத்தாறா?" என்று கேட்டதற்கு, "டை அடிச்சிருக்கங்க" என்றானாம். அதைச் சொல்லிச் சொல்லி மாமனும் மச்சானும் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் சிதம்பரத்தில் வண்டியைப் போட்டுவிட்டு ரிப்போர்ட் வாங்கக் கண்ணாயிரமே போனார்.

"நீங்க அவருக்கு என்ன ஆவணும்?" என்று கேட்டாள் லேப் பெண்.

"அண்ணன்" என்றார்.

"அப்ப தம்பிய ஒடனே டாக்டர பாக்கச் சொல்லுங்க. வெறும் வயித்துல இருநூத்தி நாப்பத்தி ரெண்டு. சாப்ட்டப்பறம் முன்னூத்தி எண்பது. மூணு மாசத்து சராசரிய காட்டுற டெஸ்ட்டும், ஆறுக்குள்ள இருக்க வேண்டியது, பதினொண்ணு வந்திருக்கு. நம்ப முடியாம ரெண்டு தடவ ஓட்டிப் பாத்தோம். ஒடம்புல வேற எங்கியோ புண்ணோ சீழோ இருக்கும் போலருக்கு, ரத்தத்துல அதக் காட்டுற அளவும் ஏறிக் கெடக்கு. இவ்ளோ நாளா எப்பிடி சார் வுட்டு வெச்சீங்க?"

கண்ணாயிரம் குற்றவாளி போலத் தலையைக் குனிந்துகொண்டார். அவரையே பிடித்து வைத்துக் கேட்பது போலிருந்தது. மாட்டிக்கொண்டோம் என்ற பதைப்போடு காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். கீழ வீதி முனையில்தான் அவருக்கு உறைத்தது. நடை நின்றுவிட்டது.

பேர்தான் கண்ணாயிரம். ரத்தம் எழிலனுடையது.

அன்று சாயங்காலம் கடலூர் முதுநகரில் இருக்கும் வீட்டுக்குப் போனபோது வெண்மதி தம்பியின் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். கண்ணாயிரம் ரிப்போர்ட்டை அவள் முன்னால் வைத்தார். அவள் படித்துவிட்டுப் பதறி எழுந்தாள்.

"ஐயோ! உங்களுக்கா?"

"பேருதான் என்னுது. ரத்தம் உந்தம்பியுது."

நடந்ததை அவர் சொல்லி முடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"உங்க ரத்தத்த ஏன் குடுக்கல?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"அப்ப உங்களுக்கும் இருக்கு."

"தெரியல வெண்மதி."

"தெரியாமயா அவன இட்டுகினு போனீங்க? வருசக்கணக்கா ஒரே வூட்டுல இருக்கோம். எங்கிட்டயே மறச்சிட்டீங்களே!" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவள் குரல் மாறியது. "சரி. இது வெளிய போவக் கூடாது. இன்னும் மூணு வாரந்தான். கல்யாணம் முடியட்டும். பொண்ணு வூட்டுக்காரங்க காதுல வுழுந்துதுன்னா எல்லாம் நின்னு பூடும். எங்கம்மா உசுர வெச்சிருக்காது."

"எழிலங்கிட்டயாவது சொல்லணுமில்ல?"

"சொன்னா அவன் நேரா அந்தப் பொண்ணுகிட்டப் போய் ஒப்பிப்பான். அவன் வாயில எது நின்னிருக்கு? எந்தாலி மேல சத்தியம் பண்ணுங்க. வாயத் தொறக்க மாட்டன்னு சொல்லுங்க."

கண்ணாயிரம் சத்தியம் செய்தார். மனைவிக்காகத்தான் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் உள்ளுக்குள் ஒரு மூலையில் அவருக்கு நிம்மதியாகவும் இருந்தது. எழிலனுக்குச் சொன்னால் தன்னுடைய திருட்டுத்தனமும் வெளியே வரும். அந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டால் அவர் குட்டும் மூடியிருக்கும். அந்த நிம்மதியை நினைத்து அவருக்கே கூச்சமாக இருந்தது.

சனிக்கிழமை மதிய நடையில் எழிலன் சிதம்பரத்தில் அவர் வண்டியிலேயே ஏறினான். கடலூரில் பத்திரிகை வைக்கப் போகிறானாம். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். கையில் பெரிய பாட்டிலில் கலர் சோடா. பி.முட்லூர் வருவதற்குள் பாதியைக் குடித்துவிட்டான்.

"என்னா வெயிலு மாமா! எவ்ளோ குடிச்சாலும் தாகம் அடங்கல. ரிப்போர்ட்டு வந்துடுச்சா? எல்லாம் நார்மல்தான?"

"ம்" என்றார் கண்ணாயிரம். சட்டைப் பைக்குள் காகிதம் நெஞ்சில் உறுத்தியது.

"ஒரு மாசத்துல ஆறு கிலோ கொறஞ்சிருக்கன் மாமா. கல்யாணக் கள வந்துடுச்சின்னு அம்மா சொல்லுது." அவன் குனிந்தபோது பிடரியில் பெரிய பிளாஸ்திரி தெரிந்தது.

"இன்னாடா அது?"

"கட்டி மாமா. ரெண்டு வாரமாச்சி, ஒடைய மாட்டேங்குது. நாலஞ்சு கண்ணு வெச்சிருக்குன்னு அம்மா மஞ்சப் பத்து போட்டு வுட்டுச்சி. பல்லு வெளக்குனாலும் ஈறுலேர்ந்து ரத்தம் வருது. எல்லாம் சூடுதான்."

கண்ணாயிரத்தின் வாய் திறந்தது. 'எழிலா, வண்டிய விட்டு எறங்கி நேரா ஆஸ்பத்திரிக்குப் போ.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். வெண்மதியின் கழுத்துத் தாலி கண்ணில் வந்து நின்றது. திங்கட்கிழமையும் முதலாளியின் மேசையும் வந்து நின்றன. வாய் மூடிக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் ஆலப்பாக்கத்துக்கு முன்னால் ஒரு கிளைச் சாலையிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு பெண் குறுக்கே வந்தாள். கண்ணாயிரம் பிரேக்கில் காலை வைத்தார். வைத்ததாக நினைத்தார். வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தார். கால் பெடலின் ஓரத்தில் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. காலைத் தூக்கி உடம்பின் மொத்தக் கனத்தையும் போட்டு மிதித்தார். டயர் தேய்ந்து புகை கிளம்ப, ஸ்கூட்டருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு முழம் மீதியிருக்க வண்டி நின்றது. அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. பின்னாலிருந்து ஏக வசனத்தில் திட்டு விழுந்தது.

"மாமா" என்றான் எழிலன் மெதுவாக. "உங்க காலு பிரேக்குல இல்ல. நான் பாத்தன்."

"வழுக்கிடுச்சி" என்றார். வண்டியை மறுபடி கிளப்பினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கல்யாணப் பட்டு எடுக்க இரண்டு வீட்டாரும் சிதம்பரத்தில் கூடினார்கள். அமராவதியும் அவள் அப்பாவும் தங்கள் காரில் வந்திருந்தார்கள். பட்டு எடுத்து முடித்ததும் எழிலனின் அம்மா இருசம்மாள் வீட்டில் மதியச் சாப்பாடு. பிரியாணி, கோழி வறுவல், இனிப்புக்கு இரண்டு வகை. இருசம்மாள் மகன் இலையில் கை ஓயாமல் எடுத்து எடுத்து வைத்தாள்.

எழிலன் இலையைத் தொடவில்லை. முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. திடீரென்று எழுந்து பின்பக்கம் ஓடி வாந்தி எடுத்தான். திரும்பி வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து தரையில் சரிந்தான். மேலெல்லாம் அனலாகக் கொதித்தது. மூச்சு வேகவேகமாக வாங்கியது.

"அலைச்சல்மா, ஒரு வாரமா ஊர் ஊரா சுத்தறான்" என்று இருசம்மாள் அழுதாள்.

தெருமுனையில் ஊசி போடும் ஆள் ஒருவர் இருந்தார். படித்த டாக்டர் இல்லை; ஆனால் தெருவே அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடும். அவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தார், இமையை விரித்துப் பார்த்தார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. தெம்பு எறங்கிப் போயிருக்கு. ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனா சாயங்காலம் மாப்ள எழுந்து நடப்பாரு."

பாட்டிலைக் கம்பியில் மாட்டினார். எழிலனின் மணிக்கட்டில் நரம்பைத் தேடித் தட்டினார். கண்ணாயிரம் வாசற்படியில் நின்றிருந்தார். குளுக்கோஸ் என்றால் சர்க்கரை. இது பஸ்ஸில் வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். முன்னூற்று எண்பது இருக்கிற ரத்தத்தில் இன்னும் இரண்டு பாட்டில்.

வெண்மதியைப் பார்த்தார். அவளுக்கும் புரிந்துவிட்டது என்பதை அவள் கண் சொன்னது. ஆனால் பக்கத்தில் அமராவதியின் அப்பா நின்றிருந்தார். வெண்மதி தாலிச்சரட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்பது போலவும் சொல்லுங்கள் என்பது போலவும் தலையை ஆட்டினாள்.

ஊசி நரம்பில் ஏறியது. அந்த ஆளின் கை குழாயைத் திறக்கப் போனது.

"நிறுத்துய்யா!"

கண்ணாயிரம் உள்ளே பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துவிட்டார். "அவனுக்குச் சக்கர இருக்கு. முன்னூத்தி எண்பது இருக்கு. இத ஏத்துனா செத்துடுவான்!"

"எம்புள்ளைக்கா? எம்புள்ளைக்கு ஒண்ணும் கெடையாது!" என்று இருசம்மாள் கத்தினாள்.

கண்ணாயிரம் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். அமராவதியின் அப்பா வாங்கிப் பார்த்தார். "இதுல உங்க பேருல்ல இருக்கு?"

"பேரு என்னுது. ரத்தம் அவனுது. எனக்குச் சக்கர இருக்குமோன்னு பயந்துகினு, வேல பூடுமோன்னு பயந்துகினு, அவன எம்பேர்ல குடுக்க வெச்சன். முந்தாநாளே ரிப்போர்ட்டு வந்துடுச்சி. கல்யாணம் நின்னு பூடும்னு மறச்சிட்டன். நாந்தான் பாவி."

"நாந்தான் சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்குனன்" என்றாள் வெண்மதி, அழுகைக்கு நடுவில்.

அமராவதியின் அப்பா முகம் சிவந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அமராவதி காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கிப் படித்துவிட்டாள். "அப்பா, பேசறதெல்லாம் அப்பறம். மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

அவள் அப்பா கார் சாவியைக் கண்ணாயிரத்திடம் நீட்டினார். "நீங்க டிரைவர்தான? சீக்கிரம் எடுங்க."

சாவி கைக்கு வந்தது. பதினாறு வருடமாகச் சாவியைக் கொடுத்தால் மறு பேச்சில்லாமல் ஏறி உட்கார்ந்தவர் அவர். நேற்றைய ஸ்கூட்டர்ப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. சாவியை அமராவதியின் கையில் வைத்தார்.

"நீ ஓட்டும்மா. எங்காலுக்கு பிரேக் எங்க இருக்குன்னே தெரியல."

வாய்விட்டு அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது எழிலனின் சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியிருந்தது. பிடரியில் இருந்தது சாதாரணக் கட்டி இல்லை, பிளவை. சீழ் ஆழமாக இறங்கியிருந்தது. அதைக் கீறிச் சுத்தம் செய்தார்கள். இன்சுலினும் உப்புத் தண்ணீரும் ஏற்றினார்கள். இரண்டு நாள் வெண்மதியும் இருசம்மாளும் வார்டு வாசலிலேயே கிடந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் எழிலன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான்.

அன்று வார்டுக்கு வந்த டாக்டர் பிரிசில்லாவிடம் வெண்மதி கேட்டாள். "டாக்டர், இவன் ஒல்லியாத்தான இருக்கான்? குண்டா இருக்கறவங்களுக்குத்தான சக்கர வரும்?"

"கைய கால பாத்து ஒல்லின்னு சொல்லக் கூடாதும்மா. வயித்தப் பாக்கணும்" என்றார் டாக்டர். "கொழுப்புன்னா மூட்டையில கட்டிப் போட்ட அரிசி மாதிரி சும்மா கெடக்கும்னு நெனைக்கிறோம். அப்படி இல்ல. வயித்துக்குள்ள சேர்ற கொழுப்பு ஓயாம வேலை செய்யும். உடம்ப எரிச்சல் படுத்துற பொருள்களை ரத்தத்துல விட்டுக்கிட்டே இருக்கும். கால்ல முள்ளு குத்தினா அந்த எடம் சிவந்து வீங்குது இல்ல? அதத்தான் அழற்சின்னு சொல்றோம். முள்ளு குத்தினா நாலு நாள்ல அடங்கிடும். இது அடங்காது. உமியில வச்ச நெருப்பு மாதிரி, வெளியில தெரியாம வருஷக்கணக்கா உள்ள கனன்றுகிட்டே இருக்கும்."

"அதுக்கும் சக்கரைக்கும் என்னங்க?" என்று கேட்டார் கண்ணாயிரம்.

"ரத்தத்துல இருக்கிற சர்க்கரைய உடம்புக்குள்ள சேக்கிறது இன்சுலின். உள்ள இந்த நெருப்பு கனன்றா இன்சுலின் சொல்ற பேச்ச உடம்பு கேக்காது. சர்க்கரை ரத்தத்துலயே தேங்கும். தேங்கின சர்க்கரை நரம்பையும் கண்ணையும் கிட்னியையும் அரிக்கும். புண்ணு ஆறாது. ஆறாத புண்ணு இன்னும் சர்க்கரைய ஏத்தும். ஒண்ணுக்கொண்ணு கை கோத்துக்கிட்டுத்தான் வரும். அதனால மாத்திரையும் வேணும், வயிறும் கொறையணும். பத்து கிலோ அதிகமா இருக்கிறவர் அஞ்சு கிலோ கொறச்சாக்கூட அந்த நெருப்பு தணிய ஆரம்பிக்கும். நடக்கணும். நல்லா தூங்கணும். பீடி சிகரெட் கூடாது. ஈறுல ரத்தம் வந்தா சூடுன்னு சொல்லிட்டு விடக் கூடாது." அவர் கண்ணாயிரத்தை ஏற இறங்கப் பார்த்தார். "விரல நீட்டுங்க. இந்த முறை உங்க விரல்."

முன்னூற்றுப் பதினெட்டு.

கட்டிலில் படுக்க வைத்து, நைலான் நூல் ஒன்றால் அவர் உள்ளங்காலில் பத்து இடத்தில் தொட்டார் டாக்டர். தொடுவது தெரிந்தால் சொல்லச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கண்ணாயிரம் காத்திருந்தார். நாலு தடவை "ஆமா" என்றார். மற்ற நேரமெல்லாம் டாக்டர் அடுத்த இடத்தை இன்னும் தொடவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்து வெண்மதியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் மீதி ஆறையும் அவர் தொட்டு முடித்துவிட்டார் என்று தெரிந்தது.

அமராவதி அன்று மாலை பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். இருசம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணத்த நிறுத்திடாத கண்ணு" என்று அழுதாள்.

"நிறுத்தலிங்க அத்த. ரெண்டு மாசம் தள்ளி வெச்சிருக்கோம். மொதல்ல இவரு தேறி வரட்டும். எங்கப்பாவுக்கும் சக்கரதான். அது எனக்குப் புதுசு இல்ல." அவள் வெண்மதியின் பக்கம் திரும்பினாள். "ஆனா ஒண்ணு சொல்றன் அண்ணி. அந்தக் குளுக்கோஸ் ஏறியிருந்து இவருக்கு எதுனா ஆயிருந்தா, எனக்கு என்னா பதில் சொல்லியிருப்பீங்க?"

வெண்மதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

முதலாளி சொன்ன திங்கட்கிழமை தாண்டியிருந்தது. மறுநாள் கண்ணாயிரம் இரண்டு ரிப்போர்ட்டையும் முதலாளியின் மேசை மேல் வைத்தார். ஒன்று மாற்றிக் கொடுத்த ரத்தம், ஒன்று அவருடைய சொந்த ரத்தம். ஆலப்பாக்கத்தில் ஸ்கூட்டர்காரப் பெண் தப்பித்த கதையையும் சேர்த்துச் சொன்னார். சபாநாயகம் வெகுநேரம் திட்டினார். "நீ ஒரு உசுர இல்லய்யா, அம்பது உசுர வெச்சி வெளையாடியிருக்க!" என்று மேசையைத் தட்டினார். பிறகு, டாக்டர் கையெழுத்துப் போட்டால் ஒழிய ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லி, அதுவரை டைம் கீப்பராக உட்காரச் சொன்னார்.

நாலு மாதம் ஆயிற்று. எழிலன் கல்யாணம் முடிந்து, தினமும் காலையில் அமராவதியோடு ஒரு மணி நேரம் நடந்துவிட்டுத்தான் கடையைத் திறக்கிறான். கண்ணாயிரம் பதினோரு கிலோ குறைந்திருந்தார். டீ உண்டு, சர்க்கரை இல்லை. மூன்று மாதச் சராசரி ஏழுக்கு வந்திருந்தது. காலில் உணர்ச்சி மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. முழுசாகத் திரும்பும் என்று டாக்டரும் உறுதி சொல்லவில்லை. அதனால் அவர் இன்னும் பஸ் ஸ்டாண்டில் நோட்டும் பேனாவுமாக, மற்றவர்கள் ஓட்டும் வண்டிகளுக்கு நேரம் குறித்துக்கொண்டுதான் இருந்தார். ஏழே முக்கால் வண்டி ஹாரன் அடித்துக் கிளம்பும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வார்.

ஒருநாள் பி.முட்லூர்க்காரர் ஒருவர், புதிதாக நாற்பதைத் தாண்டிய டிரைவர், அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தொந்தி பெல்ட்டுக்கு மேல் வழிந்தது. அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணே, எனக்கும் டெஸ்ட்டு எடுக்கச் சொல்லிட்டாங்க. வேற யாராவது ரத்தம் குடுத்தா கண்டுபிடிப்பாங்களா?"

கண்ணாயிரம் பேனாவை மூடி வைத்தார்.

"கண்டுபிடிக்க மாட்டாங்க. ரத்தத்த யாரு வேணா மாத்திக் குடுக்கலாம். ஆனா நாளைக்குக் கால எடுக்கணும்னு வந்தா உன் கால்தான்யா எடுப்பாங்க, அவன் கால இல்ல. வயிறு வந்தா வசதி வந்துடுச்சின்னு நெனச்சன். அது உள்ள எரியற நெருப்புன்னு எனக்குத் தெரியாம பூடுச்சி. நோவு வர்றது குத்தம் இல்ல. அத மறைக்கிறதுதான் குத்தம். மறச்சா அது நம்மள மட்டும் சாப்பிடாது. நம்மள நம்பிப் பின்னால உக்காந்திருக்கிறவங்க, நம்ம வூட்டுல இருக்கிறவங்க, எல்லாரையும் சேத்துச் சாப்பிடும். நான் ஒரு வருசம் முன்னாடி எங்கைய நீட்டியிருந்தன்னா, இன்னிக்கும் அந்த சீட்டுலதான் உக்காந்திருப்பன்."

அந்த டிரைவர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு எழுந்து, லேப் எந்தப் பக்கம் என்று கேட்டார்.